பார்க்கிறார்கள், கேட்பதில்லை: ஆங்கிலக் காணொளிப் பயிற்சி குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் வசப்பட வேண்டுமானால் ஆங்கிலக் காணொளிகளைப் பாருங்கள் என்னும் அறிவுரையை வகுப்பாசிரியர் முதல் வேலைவாய்ப்பு முகாமில் பேச வருபவர் வரை எல்லோரும் இன்று மாணவர்களுக்குச் சொல்கிறார்கள். நாளிதழ்களின் கல்விப் பக்கங்களிலும் அது அடிக்கடி இடம்பெறுகிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் எந்தக் காணொளியை, எவ்வளவு நேரம், எந்த மொழி சப்டைட்டிலுடன், எத்தனை முறை என்பதைச் சொல்லாமல் விடுவதால், மாணவர்கள் மணிக்கணக்கில் பார்த்துவிட்டு ஆங்கிலம் கேட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது வெளிநாட்டுப் பணிக்குத் தயாராகும் செவிலியர்களுக்கு மாலை நேரங்களில் உதவிவருபவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

என்னிடம் வருபவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் அல்லர். நான்கு ஆண்டு செவிலியர் பட்டப்படிப்பை ஆங்கிலப் பாடநூல்களைக் கொண்டே முடித்தவர்கள். நோயாளியின் குறிப்பேட்டைப் பிழையின்றி எழுதுபவர்கள். ஆயினும் பிரிட்டனில் ஒரு செவிலியரும் நோயாளியும் உரையாடும் இரண்டு நிமிட ஒலிப்பதிவைக் கேட்டால் பாதிக்குமேல் பிடிபடுவதில்லை. அதே உரையாடலை அச்சிட்டுக் கையில் கொடுத்தால், ‘இவ்வளவுதானா சார், எல்லாம் தெரிந்த வார்த்தைதானே’ என்கிறார்கள். அகராதியைக் காட்டி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. கண் அறிந்த சொல்லைக் காது அறியவில்லை என்பதுதான் சிக்கல்.

காது அறியாததற்குக் காரணம் ஆங்கிலத்தின் ஓசை அமைப்பு. தமிழில் ஒவ்வோர் அசையும் ஏறத்தாழத் தனக்குரிய நேரத்தைப் பெறுகிறது. ஆங்கிலப் பேச்சிலோ அழுத்தம் பெறும் அசைகள் மட்டுமே நிமிர்ந்து நிற்க, இடையில் உள்ளவை சுருங்கி ஒடுங்கிவிடுகின்றன. ‘ஆஃப்’, ‘டு’, ‘ஃபார்’, ‘ஹேவ்’, ‘அண்ட்’ என்று நாம் முழுதாகச் சொல்லிக்கொடுக்கும் சிறுசொற்கள், இயல்பான பேச்சில் உயிரொலி மங்கிய வெறும் முனகலாகவே வருகின்றன. இதை மாணவருக்கு விளக்க வெளிநாட்டு ஒலியியல் நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘நாடு’, ‘காசு’ என்னும் சொற்களின் இறுதி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று தமிழ் வகுப்பில் அவர்கள் படித்திருக்கிறார்கள். மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுவதையும் புணர்ச்சி இலக்கணத்தில் படித்திருக்கிறார்கள். ‘பிக் இட் அப்’ என்னும் மூன்று சொற்கள் ‘பிக்கிட்டப்’ என்று ஒரே சொல்லாய் ஒலிப்பது அதே இயல்புதான். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே ஓய்வறையில் எதிரெதிரே அமர்ந்திருந்தும், ஒருவர் பாடம் மற்றவர் பாடத்துக்கு உதவும் என்பதை நாம் பேசிக்கொள்வதே இல்லை.

இதில் சில இடங்கள் வெறும் தேர்வுச் சிக்கல் அல்ல. ‘என்னால் வர முடியும்’ என்பதற்கும் ‘முடியாது’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘கேன்’, ‘கேன்ட்’ என்று இறுதியில் ஒரு ‘ட்’ மட்டுமே வேறுபாடு என்று நம் மாணவர்கள் நினைத்து, அந்த ‘ட்’ ஒலிக்காகக் காத்திருக்கிறார்கள். அமெரிக்கர் பேச்சில் அது பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை. முடியும் என்னும்போது அந்தச் சொல் ‘க்ன்’ என்று ஒடுங்கி அழுத்தம் அடுத்த வினைச்சொல்லுக்குப் போய்விடுகிறது. முடியாது என்னும்போது சொல் முழு உயிரோடும் அழுத்தத்தோடும் வருகிறது. வேறுபாட்டை அங்கேதான் கேட்க வேண்டும். நாம் உடன்பாட்டிலும் ‘கேன்’ என்று அழுத்தியே சொல்வதால், நம் பேச்சைக் கேட்கும் அமெரிக்கர் மறுப்பதாக எண்ணிவிடுவதும் உண்டு. பதினைந்தும் ஐம்பதும் இப்படித்தான். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் அழுத்தம் விழும் இடத்தாலும் இறுதி ஒலியாலும் மட்டுமே பிரிகின்றன. மருந்தின் அளவில் இது மாறிக் கேட்டால் விளைவு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. மருந்தளவை வாய்மொழியாகச் சொல்லும்போது ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கங்களைத் தனித்தனியே சொல்லும் நடைமுறை வந்ததே இதனால்தான்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பை அச்சிட்டு, முப்பது நாளில் ஆங்கிலம் என்று பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் புத்தகங்கள் இந்தக் குறையை மேலும் ஊன்றிவிடுகின்றன. ‘கோட்’ என்று எழுதினால் அது மேலங்கியா, வெள்ளாடா? ‘ப்ரைஸ்’ என்று எழுதினால் விலையா, பரிசா? நம் எழுத்து நம் மொழிக்கு நிறைவாக அமைந்தது. இன்னொரு மொழியின் ஒலியைச் சுமக்க அதை வற்புறுத்துவது அதற்குச் செய்யும் நன்மையன்று. இந்தக் கடிதத்தில் நானும் வேறு வழியின்றித் தமிழ் எழுத்திலேயே எழுதிக்காட்டுகிறேன் என்பதால், படிப்பவர்கள் இச்சொற்களை ஒருமுறை ஒலி வடிவில் கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

ஒலியைக் கையில் தரும் கருவி என்ற வகையில் காணொளிக்கு ஈடில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. நாங்கள் படித்த காலத்தில் ஆங்கிலேயர் குரலைக் கேட்க வேண்டுமானால் சிற்றலை வானொலியில் பிபிசியைத் தேடித் திருக வேண்டும். தவறவிட்ட வாக்கியம் தவறியதுதான். இன்று கைப்பேசித் திரையில் இரண்டு முறை தட்டினால் பத்து நொடி பின்னே போகலாம். அத்துடன் பேசுபவரின் முகமும் தெரிகிறது. 1976 ஆம் ஆண்டில் உளவியல் ஆய்வாளர்கள் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் வெளியிட்ட ஆய்வில், உதடு ஓர் ஒலியையும் ஒலிப்பதிவு வேறோர் ஒலியையும் சொல்லும்படி இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டும் அல்லாத மூன்றாவது ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். கேட்பதில் கண்ணுக்கும் பங்குண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கீழுதடு மேற்பல்லைத் தொடும் ஒலியும், உதடுகள் குவியும் ஒலியும் நம் காதுக்கு ஒரே வகரம்; முகத்தைப் பார்த்தால் ‘வெஸ்ட்’ என்று சொல்லப்படுவது உள்சட்டையா, மேற்குத் திசையா என்று பிரித்தறிய முடிகிறது. எனவே தொடக்கநிலையில் பேசுபவரின் முகம் அருகில் தெரியும் நேர்காணல்களையும் விளக்கவுரைகளையும் தேர்ந்தெடுப்பது நல்லது. கேலிச்சித்திரப் படங்களும், பின்னணி இசை உரக்க ஒலிக்கும் அதிரடிப் படங்களும் அதற்குப் பயன்படா.

இனி சப்டைட்டில். பெரும்பாலான மாணவர்கள் ஆங்கிலப் படங்களைத் தமிழ் எழுத்தோடு பார்க்கிறார்கள். தமிழ்க்குரல் சேர்த்த படங்களைப் பார்த்துவிட்டு ஆங்கிலப் படம் பார்த்ததாகச் சொல்பவர்களை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் ஆகியோர் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் பொருந்துகிறது. ஆங்கிலம் நன்கறிந்த டச்சு மக்களுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளில் அமைந்த காட்சிகளைக் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கிலத்தில் எழுத்து வந்தது, சிலருக்கு டச்சு மொழியில் வந்தது, சிலருக்கு எழுத்தே இல்லை. பிறகு அதே உச்சரிப்பில் முன்பு கேட்டிராத வாக்கியங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் செய்தபோது, ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் மேம்பட்டிருந்தார்கள். தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்களோ, எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களை விடவும் பின்தங்கினார்கள். கதையைத் தாய்மொழியிலேயே புரிந்துகொண்ட பிறகு ஒலியை உற்றுக் கேட்க மனத்துக்குத் தேவை இல்லாமல் போய்விடுகிறது. தமிழர்களை வைத்துச் செய்த ஆய்வன்று அது. ஆனால் என் கண்முன் நடப்பதோடு அது முரண்படவில்லை.

அப்படியானால் ஆங்கில சப்டைட்டிலை எப்போதும் போட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. அகமதாபாத் ஐஐஎம் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996 ஆம் ஆண்டில் ஒரு யோசனையை முன்வைத்தார்: திரைப்பாடல்களை ஒளிபரப்பும்போது பாடும் மொழியிலேயே வரிகளையும் திரையில் ஓடவிட வேண்டும் என்பது அது. 1999 இல் தூர்தர்ஷனின் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியில் அது நடைமுறைக்கு வந்தது. திரையில் எழுத்து தெரிந்தால் கண் அதை வாசிக்காமல் இராது, அதனால் எழுத்தறிவு குறைந்தவருக்கும் வாசிப்பு தானே கைகூடும் என்பதே அதன் அடிப்படை. வாசிப்பை வளர்க்க உதவும் அதே இயல்பு, கேட்கப் பழகுபவருக்கு இடையூறாகிறது. எழுத்து ஓடும்போது கண் முந்திக்கொள்கிறது. காது அதன் பின்னே வந்து தலையாட்டுகிறது. ஆகவே ஆங்கில எழுத்து வேண்டும், ஆனால் முதலில் வேண்டாம், முடிவிலும் வேண்டாம்.

நான் பரிந்துரைக்கும் முறை மிகச் சாதாரணமானது. இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, எழுத்து இல்லாமல் முழுதாக ஒருமுறை கேட்க வேண்டும். யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். இரண்டாவது முறை, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதைத் தாளில் எழுத வேண்டும். நம் பள்ளிகளில் ஒரு காலத்தில் நாள்தோறும் நடந்த சொல்வதெழுதுதல்தான் இது. அன்று ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார், இங்கே காணொளியில் பேசுபவர் நமக்காக நிறுத்துவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. விடுபட்ட இடங்களில் கோடிட்டுவிட்டு மேலே போக வேண்டும். அதன் பிறகே ஆங்கில சப்டைட்டிலைப் போட்டு, தாளில் எழுதியதோடு ஒப்பிட வேண்டும். கற்றல் உண்மையில் நிகழும் இடம் இந்த ஒப்பீடுதான். எந்தச் சொல் எந்த ஒலியாக மாறி நம்மை ஏமாற்றியது என்பது அங்கே வெட்டவெளிச்சமாகிறது. பெரும்பாலும் அது கடினமான சொல்லாக இராது, ‘வுட் ஹேவ்’ போன்ற ஒரு சின்னஞ்சிறு சேர்க்கையாகவே இருக்கும். இறுதியாக எழுத்தை நீக்கிவிட்டு மீண்டும் முழுதாகக் கேட்டு, பேசுபவருடன் கூடவே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாயால் ஒடுக்கிச் சொல்லப் பழகிய சொல்லைக் காது எளிதில் நழுவவிடாது.

இந்த முறையில் இரண்டு நிமிடக் காணொளிக்கு அரை மணி நேரம் பிடிக்கும் என்பதால் இளைஞர்களுக்குச் சலிப்பு வருவது இயல்பே. இரண்டு மணி நேரப் படத்தைப் பார்ப்பது இதைவிட எளிது, இனிமையானதும்கூட. ஓய்வுக்காகப் படம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அதைப் பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வேகம் குறித்தும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. புரியவில்லை என்றால் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்கச் சொல்கிறார்கள். ஒலிப்பதிவின் வேகத்தைக் குறைத்தால் ஒலி நீளுமே தவிர, பேசியவர் விழுங்கிய எழுத்து திரும்பி வராது. ‘டிட் யூ’ என்பது ‘டிஜ’ என்று சுருங்கியிருந்தால், மெதுவாக ஓடவிட்டாலும் அது நீண்ட ‘டிஜ’வாகவே இருக்கும். ஓரிரு இடங்களைச் சரிபார்க்க அந்த வசதி உதவும், அவ்வளவே. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இயல்பிலேயே நிதானமாகப் பேசிப் பதிவுசெய்தவை வேண்டும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி, ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காகச் செய்திகளை வாசிக்கும் ஒலிபரப்பை 1959 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அந்த வழியில் பிற்காலத்தில் தயாரான காணொளிகள் இணையத்தில் இருக்கின்றன. பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் பிரிவும் பிரிட்டிஷ் கவுன்சிலும் கற்போரின் நிலைக்கேற்ற பயிற்சிகளைக் கட்டணமின்றித் தருகின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: யூடியூப் தானாக உருவாக்கும் சப்டைட்டிலில் பிழைகள் மலிந்திருக்கும், இந்தியப் பெயர்கள் வந்தால் கேட்கவே வேண்டாம். மனிதர் சரிபார்த்த எழுத்துள்ள காணொளியையே ஒப்பீட்டுக்குக் கொள்ள வேண்டும்.

யாருடைய ஆங்கிலத்தைக் கேட்பது என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. லண்டன் உச்சரிப்பு உயர்ந்தது என்னும் பழைய மயக்கம் எனக்கில்லை. பொறியியல் மாணவர் ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் வழங்கும் என்பிடெல் விரிவுரைகளைத்தான் முதலில் கேட்டுத் தேற வேண்டும். வங்காளியும் தெலுங்கரும் பேசும் ஆங்கிலம் புரியாமல் இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் வேலை செய்ய முடியாது. பிரிட்டன் போகும் செவிலியருக்கோ ஸ்காட்லாந்து முதியவரின் பேச்சும், அங்கே உடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ் செவிலியரின் பேச்சும் புரிய வேண்டும். செல்லும் இடத்தைப் பொறுத்துக் காதைப் பழக்குவதே முறை.

தமிழில் நடத்தப்படும் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ காணொளிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவற்றை நடத்துபவர்களில் உழைப்பாளிகள் பலர் இருக்கிறார்கள். இலக்கண அச்சத்தைப் போக்குகிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரக் காணொளியில் பெரும்பகுதி தமிழ் விளக்கமாகவே இருக்கிறது. இடையிடையே வரும் ஆங்கில வாக்கியங்களும் கரும்பலகையில் எழுதப்பட்டு, நிறுத்தி நிறுத்தி வாசிக்கப்படுகின்றன. அது இலக்கண வகுப்பு. கேட்டல் பயிற்சி அன்று.

பள்ளிகளுக்கு வருகிறேன். நம் மாநிலப் பாடத்திட்ட ஆங்கில நூல்களில் கேட்டல் பயிற்சிகள் தரப்பட்டுள்ளன. ஆசிரியர் ஒரு பகுதியை வாசிக்க, மாணவர் கேட்டு விடையளிக்க வேண்டும். பல வகுப்பறைகளில் அந்தப் பக்கம் வரும்போது விடைகள் கரும்பலகையில் எழுதப்பட்டு, நோட்டில் படியெடுக்கப்படுகின்றன. ஆசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தாளின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே உரியது. தேர்வில் இல்லாததற்கு நேரம் ஒதுக்கும் ஆசிரியரிடம் தலைமையாசிரியரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை நான் அறிவேன். இதே மாணவர் சில ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டில் படிக்கவும் பணிபுரியவும் கேட்கப்படும் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வை எழுதப் போனால், ஏறத்தாழ 30 நிமிட ஒலிப்பதிவை ஒரே ஒருமுறை கேட்டு 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஓஇடி தேர்வில் 42 வினாக்கள். அங்கும் ஒருமுறைதான் ஒலிக்கும். பள்ளியில் இலவசமாகப் பெற்றிருக்க வேண்டிய பழக்கத்துக்காக அப்போது ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பயிற்சி நிலையத்தில் சேர்கிறார்கள். அங்கேயும் பழைய வினாத்தாள்களை ஓடவிட்டு மதிப்பெண் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

கருவிகள் இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் சுமார் 6,000 இல் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. தொடக்கப் பள்ளிகளுக்குக்கூட ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் பள்ளிக் கல்வித் துறைக்கென்றே கல்வித் தொலைக்காட்சி இயங்குகிறது. ஆய்வகத்தில் இணையம் வராத நாளிலும், ஹெட்போன்கள் பழுதான நிலையிலும், ஓர் ஒலிபெருக்கியும் முன்கூட்டியே பதிவிறக்கிய இரண்டு நிமிடத் துண்டும் இருந்தால் ஐம்பது பேர் உள்ள வகுப்பிலும் மேற்சொன்ன பயிற்சியை நடத்த முடியும். கல்வித் தொலைக்காட்சி ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒன்றாக இத்தகைய துண்டுகளை, சப்டைட்டில் இல்லாமல் ஒன்றும் ஆங்கில சப்டைட்டிலுடன் ஒன்றுமாக வெளியிடுமானால், ஆசிரியர்கள் தேடி அலைய வேண்டியிராது. மெதுவான ஆங்கிலம், இந்திய உச்சரிப்பு, பிறகு பிற நாட்டு உச்சரிப்பு என்று படிப்படியாக அவற்றை அமைக்கலாம்.

கேட்டலுக்கென அகமதிப்பீட்டில் சிறிதளவு மதிப்பெண்ணாவது ஒதுக்கி, அதை ஒலிப்பதிவைக் கொண்டே நடத்த வேண்டும் என்பதும் என் கோரிக்கை. மதிப்பெண் என்றதும் அதற்கும் கைடு அச்சாகிவிடும் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அச்சாகட்டும்; கேட்டிராத புதிய துண்டு தேர்வில் ஒலித்தால் கைடு உதவாது. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு இதிலிருந்து விலக்கும் மாற்று மதிப்பீடும் தொடக்கத்திலேயே விதியாக எழுதப்பட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதிக்கப்படுபவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழில் ஆங்கிலம் கற்பிக்கும் பகுதிகளுக்கு இடம் தரும்போது, வாரம் ஒருநாள் இரண்டு நிமிடக் காணொளி ஒன்றுக்கான கியூஆர் குறியீட்டை ஒரு பக்கத்திலும், அதில் பேசப்பட்டவற்றின் முழு எழுத்து வடிவத்தை வேறொரு பக்கத்திலும் அச்சிட இயலுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன். கைப்பேசித் திரையில் சப்டைட்டில் கண்முன்னே ஓடி ஆசை காட்டும். அச்சிட்ட எழுத்தோ, பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். அதுவரை மாணவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். காணொளியைத் தேர்ந்தெடுப்பதிலும் எழுத்து வடிவத்தைச் சரிபார்ப்பதிலும் உதவ என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். இதற்கென ஊதியம் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆங்கில ஆசிரியர்,
நாகர்கோவில்.